தோக்கத் தெரிஞ்ச ஹீரோக்கள் வேணும்

(நீண்ட பதிவு. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க. சில படங்களோட முடிவையும் சொல்லியிருக்கேன். பாக்காதவங்க படத்தைப் பாத்துட்டு வந்து படிங்க, பதிவு எங்கயும் ஓடிப்போகாது.)

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நைட் டியூட்டி. மணி ரெண்டு இருக்கும்.

ஒரு பையனைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. இருபத்தியோரு வயசு. தறிப்பட்டறையில வேலை. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தித்தான் எழுதறேன்.) என்ன செஞ்சுக்கிட்டான்னு சொல்ல மாட்டேன். அதைச் சொல்றதால யாருக்கும் நன்மை இல்லை.

செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சோம். பையன் பொழச்சுக்கிட்டான். விடியக்காலம் கண்ணு முழிச்சான். ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு அவன் பெட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன தம்பி ஆச்சு?"

"புடிக்கலைன்னு சொல்லிட்டாளுங்க சார்."

"எத்தனை தடவை கேட்ட?"

"ஏழெட்டுத் தடவை இருக்குமுங்க."

"மொதத் தடவையே புடிக்கலைன்னு சொல்லலையா?"

"சொன்னாளுங்க."

"அப்பறம் எதுக்குத் தம்பி மறுபடி மறுபடி போய்க் கேட்ட?"

என்னை ஒரு மாதிரி பாத்தான். இது கூடத் தெரியாம டாக்டருக்குப் படிச்சுட்டு வந்துட்டாரேன்னு நெனச்சிருப்பான் போல.

"விட்டுட்டா அது எப்படிங்க சார் லவ்வாகும்?"

அந்த ஒரு கேள்விதான் இந்தப் பதிவை எழுத வச்சது.

டாக்டருக்கு எதுக்கு சினிமா விமர்சனம்னு கேப்பீங்க. நான் விமர்சகன் இல்லீங்க. கேமரா கோணம், எடிட்டிங் எல்லாம் எனக்குத் தெரியாது. வார லீவு கிடைச்சா சென்னிமலையில இருந்து ஈரோட்டுக்கு வண்டியை எடுத்துக்கிட்டுப் போய், பாப்கார்ன் வாங்கிட்டு உட்கார்ற சாதாரண ரசிகன். சண்டைப் படம் எனக்கு ஆகாது. நாள் முழுக்கத் தையல் போடற ஆளு, திரையிலயும் ரத்தத்தைப் பாக்கணுமா? எனக்குக் காமெடி வேணும், காதல் வேணும். சிரிச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கணும்.

ஆனா அந்தப் பையன் கேட்டதுக்கப்பறம் காதல் காமெடி படம் பாக்கும்போது ஒரு விஷயத்தைத் தேட ஆரம்பிச்சுட்டேன். இப்போ அதுதான் என் அளவுகோல்.

அந்தப் படத்துல ஹீரோவுக்குத் தோக்கத் தெரியுதா?

பொண்ணு முடியாதுன்னு சொன்னா அது அவன் காதுல விழுதா? தப்பு செஞ்சா ஒத்துக்கறானா? தோத்த அடுத்த நாள் காலையில எந்திரிச்சுப் பல்லு வெளக்கறானா?

சிரிக்காதீங்க. இந்தப் பல்லு வெளக்கற விஷயம்தான் என் தொழில்ல உயிர் போற விஷயம்.

மொதல்ல என் மேலயே ஒரு புகார் சொல்லிக்கறேன்.

2016. நான் ஹவுஸ் சர்ஜன். அந்த வருஷம் அக்டோபர்ல 'ரெமோ' வந்துச்சு. சிவகார்த்திகேயன், கீர்த்தி சுரேஷ். நிச்சயமான ஒரு பொண்ணை எப்படியாவது கவுத்தணும்னு ஹீரோ நர்ஸ் வேஷம் போட்டு அவ வேலை செய்யற ஆஸ்பத்திரிக்குள்ளயே நுழைஞ்சிடறான். பேட்ச்மேட்ஸ் எல்லாம் கூட்டமாப் போய் விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும்தான்.

மறுநாள் வார்டுல அந்தக் கதையைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அங்க இருந்த ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா ஊசியில மருந்தை ஏத்திக்கிட்டே சொன்னாங்க: "நல்லாத்தான் இருக்குதுங்க சார். ஆனா பொய் சொல்லி ஒருத்தன் நம்ம வார்டுக்குள்ள வந்து, ஒரு டாக்டரம்மா பின்னாடியே சுத்துனா, நீங்க சிரிப்பீங்களா, செக்யூரிட்டியைக் கூப்பிடுவீங்களா?"

என்கிட்ட பதில் இல்லை.

அதே வருஷம் ஜூன் 24ஆம் தேதி சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துல காலை நேரத்துல, அத்தனை பேர் பாக்க, வேலைக்குக் கிளம்புன ஒரு இளம் மென்பொருள் பொறியாளரை வெட்டிக் கொன்னாங்க. பின்னாடியே சுத்தறதை சினிமா காதல்னு காட்டுதேன்னு அப்போ தமிழ்நாடே பேசுச்சு. பேசி நாலு மாசம் ஆகறதுக்குள்ள நாங்க தியேட்டர்ல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தோம். படம் எடுத்தவங்களை மட்டும் குத்தம் சொல்லி நான் தப்பிச்சுக்க முடியாது. டிக்கெட் வாங்குனது நான்.

சரி, தோக்கற ஹீரோ தமிழுக்குப் புதுசா? இல்லவே இல்லை. நம்ம ஈரோடு மாவட்டத்துக்காரர்தான் அதுல ராஜா. கோபிச்செட்டிபாளையம் பக்கம் வெள்ளாங்கோயில்ல பொறந்த கே. பாக்யராஜ்.

பெரிய கண்ணாடி, அசட்டுச் சிரிப்பு, பத்துப் பேரை அடிக்க வக்கில்லாத உடம்பு. அந்த ஆளை வச்சுத்தான் எங்க அம்மா தலைமுறை மொத்தமும் காதல் படம் பாத்துச்சு. 1981ல வந்த 'அந்த 7 நாட்கள்' எடுத்துக்கங்க. கல்யாணம் ஆன ராத்திரியே ஒரு பொண்ணு உயிரை மாய்ச்சுக்கப் பாக்கறா. அவ புருஷன் ஒரு டாக்டர், ராஜேஷ் நடிச்சிருப்பார். அவளைக் காப்பாத்தறார். காப்பாத்திட்டு, திட்டலை, அடிக்கலை, ஊரைக் கூட்டலை. என்ன ஆச்சுன்னு கேக்கறார். அவ சொல்றதை முழுசாக் கேக்கறார். அவ காதலிச்சவனைத் தேடிக் கண்டுபிடிச்சு அவன்கிட்டயே சேத்து வைக்கறேன்னு கிளம்பறார்.

மருத்துவனா நான் அந்தக் காட்சிக்கு எப்பவும் ஒரு சல்யூட் வைப்பேன். உயிரை மாய்ச்சுக்க முயற்சி பண்ணின ஒருத்தர்கிட்ட மொதல்ல செய்ய வேண்டியது அதுதான். திட்டாம, முழுசாக் கேக்கறது.

கிளைமாக்ஸ்ல எனக்கு இன்னிக்கு உடன்பாடு இல்லை. மனசை விடத் தாலி பெருசுன்னு படம் முடிஞ்சிடும். அந்தக் காலம் அப்படி. ஆனா பாக்யராஜோட அந்தப் பாலக்காட்டு மாதவன் கடைசியில தோத்துட்டு நடந்து போவான் பாருங்க. யாரையும் வெட்டலை, தன்னையும் மாய்ச்சுக்கலை. நாப்பது வருஷம் தாண்டியும் அவனை நாம நாயகனாத்தான் ஞாபகம் வச்சிருக்கோம்.

நடுவுல அது காணாமப் போச்சு. தாடி, பாட்டில், பொண்ணுங்களைத் திட்டி ஒரு பாட்டு, கூடவே ஏத்திவிட ஒரு நண்பன்னு வண்டி வேற பக்கம் திரும்பிடுச்சு. அப்பவும் சில நல்ல படம் வரத்தான் செஞ்சுது. 2012ல பா. ரஞ்சித்தோட 'அட்டகத்தி'. காதல்ல தோத்துட்டு, சோகமா இருக்கணும்னு நெனச்சும் சோகமா இருக்க முடியாமத் தவிக்கற ஒரு பையன். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். ஏன்னா பெரும்பாலான மனுஷங்க அப்படித்தான். சோகம் வரும், பசியும் வரும்.

இப்போ சமீபத்திய படங்களுக்கு வர்றேன்.

மொதல்ல 'லவ்வர்'. 2024 பிப்ரவரி. பிரபுராம் வியாஸ் இயக்கம். மணிகண்டன், ஸ்ரீ கௌரி பிரியா.

இதைக் காதலர் தின ஜாலிப் படம்னு நெனச்சுப் போனவங்க வெளிய வரும்போது மூஞ்சியே மாறிப்போச்சு. ஆறு வருஷக் காதல். பையனுக்கு வேலை இல்லை, குடி, சந்தேகம். எங்க இருக்க, யார் கூட இருக்க, ஏன் போன் எடுக்கலை. சண்டை போடுவான், அழுவான், மன்னிப்புக் கேப்பான், மறுபடி சண்டை போடுவான். பொண்ணு விலகணும்னு பாக்கறா, முடியலை.

பழைய படமா இருந்தா அவன் அழுகையிலயே அவ மனசு மாறி இருக்கும். நாமளும் கை தட்டியிருப்போம். இதுல அவங்க பிரிஞ்சிடறாங்க. அதுக்கப்பறம் அவன் வாழ்க்கை முடிஞ்சு போகலை. தான் ஆசைப்பட்ட கஃபேயை வச்சு நிக்கறான். அவளும் ஒரு நாள் வந்து பாக்கறா. அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' இருக்கே, அதைத்தான் அந்தப் பையனுக்கு யாருமே சொல்லித் தரலை.

அடுத்து 'டிராகன்', 2025 பிப்ரவரி. அஸ்வத் மாரிமுத்து இயக்கம், பிரதீப் ரங்கநாதன். 48 அரியர் வச்ச பையன், காதலி விட்டுட்டுப் போனதும் போலிச் சான்றிதழ்ல பெரிய சம்பளத்துக்குப் போறான். மாட்டுனதும் மறுபடி காலேஜுக்கு வந்து 48 பேப்பரையும் எழுதணும். முதல் பாதி எனக்குக் கொஞ்சம் சலிப்புத்தான். கெத்துன்னு காட்டறதெல்லாம் ரொம்ப நீளம். ஆனா கடைசியில அந்தப் பையன் தன் ஏமாத்து வேலையைத் தானே ஒத்துக்கறான். கையில இருந்ததை எல்லாம் விடறான். தியேட்டர்ல என் பக்கத்து சீட்டுல இருந்த இன்ஜினியரிங் பையன் அந்த இடத்துல போனை உள்ள வச்சுட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்து அட்வைஸ் மீட்டிங் போட்டாலும் அது நடக்காது.

பிரதீப்போட 'லவ் டுடே'யையும் சொல்லணும். 2022 நவம்பர். காதலர்கள் ரெண்டு பேரும் ஒரு நாளைக்கு போனை மாத்திக்கணும்னு பொண்ணோட அப்பா சத்யராஜ் சொல்லிடறார். (நம்ம கோயமுத்தூர் குசும்பு அந்த மூஞ்சியிலயே தெரியும்.) எல்லாரும் அந்த ஜோடியைப் பத்தியே பேசுனாங்க. எனக்குப் பிடிச்சது யோகி பாபு.

அவர் அதுல டாக்டர். கட்டிக்கப் போற பொண்ணு கிட்ட போனைக் கொடுக்கவே மாட்டார். என்னமோ பெரிய ரகசியம்னு நாம நெனப்போம். கடைசியில பாத்தா, உன் உடம்புக்கும் மூஞ்சிக்கும் இப்படி ஒரு பொண்ணான்னு மத்தவங்க அவரைக் கேலி பண்ணுன மெசேஜ்தான் அதுல இருக்கும்.

அந்த இடத்துல எனக்குத் தொண்டை அடைச்சுது. வருஷக்கணக்கா அவர் தலைமுடியையும் உடம்பையும் வச்சு எத்தனை படத்துல எத்தனை ஜோக். எல்லாத்துக்கும் சிரிச்சவங்கதான் நாம. அதே நடிகரை வச்சு, சிரிச்ச நம்மளையே ஒரு நிமிஷம் தலை குனிய வச்சாங்க. என் ஓ.பி.க்கு வர்ற பிள்ளைங்க எத்தனை பேர் குண்டு, கறுப்பு, குட்டைங்கற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு ஒழுங்காச் சாப்பிடாமக் கெடக்குதுங்கன்னு எனக்குத் தெரியும்.

'குட் நைட்', 2023. விநாயக் சந்திரசேகரன் இயக்கம். மணிகண்டன், மீதா ரகுநாத். ஒரு குறட்டைதான் மொத்தக் கதையும்.

டாக்டரா ஒரு குறுக்கீடு: குறட்டை எப்பவும் காமெடி இல்லீங்க. குறட்டைக்கு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருது, திணறி முழிக்கறாங்க, காலையில தலைவலி, பகல்ல வண்டி ஓட்டும்போதே தூக்கம் சொக்குதுன்னா தயவுசெஞ்சு ஒரு டாக்டரைப் பாருங்க. அது தூக்கத்துல மூச்சுத் தடைபடற நோயா இருக்கலாம். கவனிக்காம விட்டா பிபி ஏறும், இதயத்துக்கும் ஆபத்து. சிகிச்சை இருக்கு.

படத்துக்கு வர்றேன். அந்தப் பையன் கல்யாணத்துக்கு முன்னாடி தன் குறட்டையைச் சொல்லாம மறைச்சிடறான். பயம். ஏற்கனவே அந்தக் குறட்டையால அசிங்கப்பட்டவன். கல்யாணத்துக்கப்பறம் அந்தப் பொண்ணு தூக்கம் கெட்டு ஒடம்புக்கு முடியாமப் போறா. அவன் குத்த உணர்ச்சியில சாகறான். வில்லனே இல்லாத படம். ஒருத்தர் குறையை இன்னொருத்தர் கிட்ட எப்படிச் சொல்றதுங்கறது மட்டும்தான் பிரச்சனை. இதை விடப் பெரிய பிரச்சனை கல்யாணத்துல வேற என்னங்க இருக்கு?

இப்போ நம்ம ஊர்ப் படம். 'குடும்பஸ்தன்'. 2025 ஜனவரி 24. ராஜேஷ்வர் காளிசாமி இயக்கம். கோயமுத்தூர்ல இருந்து யூடியூப்ல நம்மளைச் சிரிக்க வச்ச நக்கலைட்ஸ் பசங்கதான் இதுக்குப் பின்னாடி இருக்காங்க. கோயமுத்தூர்க் கதை, கோயமுத்தூர்ப் பேச்சு. கொங்குத் தமிழ்னா பண்ணையார் மீசையை முறுக்கிக்கிட்டுப் பேசறதுதான்னு சினிமா காட்டிக்கிட்டே இருந்துச்சு. இதுல இ.எம்.ஐ. கட்டறவன் பேசறான். அதுக்கே நான் நன்றி சொல்லணும்.

வீட்டை எதிர்த்துக் காதல் கல்யாணம் பண்ணிக்கிட்ட நவீனுக்கு வேலை போயிடுது. வீட்டுல சொல்லலை. தெனமும் வேலைக்குப் போற மாதிரியே கிளம்பறான். கடன் மேல கடன். அப்பாவுக்கு ஒரு ஆசை, அம்மாவுக்கு ஒரு ஆசை, கர்ப்பமா இருக்கற மனைவிக்குப் படிச்சு மேல வரணும்னு ஆசை. இதுக்கு நடுவுல குரு சோமசுந்தரம் நடிச்ச அந்த மாப்பிள்ளை. ஒறம்பரை நாலு பேர் கூடுன இடத்துல உன் சம்பளம் என்னன்னு கேக்கற ஆளு. அந்த ஆளு இல்லாத கொங்கு வீடு ஒண்ணு காட்டுங்க பாப்போம்.

தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆனா வயித்துக்குள்ள ஒரு பக்கம் பிசைஞ்சுது. காரணம் இருக்கு.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022ஆம் வருஷக் கணக்கைப் பாருங்க. இந்தியாவுல அந்த வருஷம் தற்கொலையில இறந்தவங்க 1,70,924 பேர். தமிழ்நாட்டுல மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். காரணம்னு பதிவானதுல காதல் விவகாரம் 4.5 சதவீதம். குடும்பப் பிரச்சனை 31.7 சதவீதம்.

திரும்பவும் படிங்க. காதலை விடக் குடும்பம் ஏழு மடங்கு.

வேலை போனதைச் சொல்ல முடியாத ஆம்பளை, கடன் வாங்குனதை மறைக்கற புருஷன், நாலு பேர் முன்னாடி அவமானப்பட்ட மாப்பிள்ளை. இவங்கதான் எங்க கிட்ட ராத்திரியில வர்றாங்க. 'நல்லாத்தானுங்க இருந்தாரு, நேத்துக்கூட வேலைக்குப் போனாரு'ம்பாங்க வீட்டுல. நவீன் மாதிரிதான் போயிருப்பார். இந்த வேதனையை வச்சு ரெண்டரை மணி நேரம் சிரிக்க வச்சு, ஆனா அந்த ஆளைக் கேவலப்படுத்தாம அனுப்பறது சாதாரண வேலை இல்லை. தோத்துட்டேன்னு வீட்டுல சொல்லலாம், சொன்னா வானம் இடிஞ்சு விழாதுங்கறதுதான் நான் அந்தப் படத்துல எடுத்துக்கிட்டது.

கவனிச்சீங்களா, குட் நைட், லவ்வர், குடும்பஸ்தன் மூணுலயும் மணிகண்டன்தான். மூணுலயும் தோக்கறார். மூணையும் ஜனங்க ரசிச்சாங்க. தோத்தா ஹீரோ இல்லைன்னு ரசிகன் மேல பழி போடறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

எல்லாமே நல்லா இருக்குன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பிடிக்காததையும் சொல்லிடறேன்.

'தலைவன் தலைவி', 2025 ஜூலை. பாண்டிராஜ் இயக்கம். விஜய் சேதுபதி, நித்யா மேனன். நடிப்பு ரெண்டு பேரும் பிரமாதம். பரோட்டாக் கடைக் காட்சி எல்லாம் பசியைக் கெளப்புச்சு. குடும்பம் குடும்பமா வந்து பாத்தாங்க, நல்லா ஓடுச்சு. ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும், ரெண்டு குடும்பமும், படம் முழுக்கக் கத்திக்கிட்டே இருக்காங்க. அந்தக் கத்தலுக்குப் பேர்தான் பாசம்னு படம் சொல்லுது. பிரியவே கூடாதுங்கறதுதான் தீர்ப்பு.

அடிபட்டு வர்ற அக்காங்களுக்குத் தையல் போடறவன் நான். 'கதவுல இடிச்சுக்கிட்டேனுங்க'ம்பாங்க. கதவு எப்படிங்க ரெண்டு கையிலயும் விரல் அச்சு வைக்கும்? அவங்க கிட்டயும் சொந்தக்காரங்க இதையேதான் சொல்லி அனுப்பறாங்க, சண்டை இருந்தாத்தான் குடும்பம்னு. சண்டை வேற, அடி வேற. பிரிஞ்சா உயிர் பொழைக்கற கல்யாணங்களும் இருக்கு. அதை ஒரு வரியிலயாவது அந்தப் படம் சொல்லியிருந்தா இன்னும் சந்தோஷமாச் சிரிச்சிருப்பேன்.

'டியூட்', 2025 தீபாவளிக்கு வந்துச்சு. கீர்த்திஸ்வரன் இயக்கம். பிரதீப், மமிதா பைஜு, சரத்குமார். கலகலப்பா ஆரம்பிச்சு ஆணவக்கொலையில போய் நிக்குது. சத்தம் அதிகம், லாஜிக் கம்மி. ஆனாலும் நான் அதுக்கு மார்க் போடுவேன். தான் நேசிக்கற பொண்ணு இன்னொருத்தனை விரும்பறான்னு தெரிஞ்சதும் அவளை அடையப் பாக்காம, அவளை உயிரோட காப்பாத்தப் பாக்கறான் அந்தப் பையன். 2015ல திருச்செங்கோடு, 2016ல உடுமலைப்பேட்டைன்னு நம்ம கொங்கு மண்ணுக்கு இந்த விஷயத்துல என்ன பேர் வாங்கித் தந்திருக்கோம்னு நமக்குத் தெரியும். தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவுல, ஜாலிப் படத்துக்குள்ள வச்சு இதைப் பேசுனதுக்குத் துணிச்சல் வேணும்.

இந்த இடத்துல ஒரு எதிர்க்கேள்வி வரும். 'ஏனுங்க டாக்டர், படத்தைப் பாத்தா ஜனங்க கெட்டுப்போறாங்க? அப்படின்னா நல்ல படத்தைப் பாத்து எல்லாரும் காந்தி ஆகியிருக்கணுமே?'

நியாயமான கேள்விதான். ஒரு படம் ஒரு உயிரை எடுக்கும்னு நான் சொல்லலை. தற்கொலைக்கு ஒத்தைக் காரணம்னு எதுவும் இருக்காது. மன அழுத்தம், குடி, கடன், குடும்பம்னு பல நூல் சேந்து முறுக்கிக்கற கயிறு அது.

ஆனா கதைக்கு ஒரு பங்கு இருக்குன்னு மருத்துவம் ரொம்ப நாளாவே சொல்லுது. 1774ல ஜெர்மன் எழுத்தாளர் கதே ஒரு நாவல் எழுதினார். காதல்ல தோத்த இளைஞன் தன் உயிரை மாய்ச்சுக்கற கதை. அதைப் பாத்துப் பல இளைஞர்கள் அதே மாதிரி செய்யறாங்கன்னு அப்பவே பயந்து சில ஊர்ல புத்தகத்தைத் தடை செஞ்சாங்க. அந்த நாயகன் பேர்லயே இதை 'வெர்தர் விளைவு'ன்னு சொல்றோம்.

பல பேருக்குத் தெரியாத மறுபக்கம் ஒண்ணு இருக்கு. 'பாபகேனோ விளைவு'. மோட்சார்ட்டோட ஒரு இசை நாடகத்துல வர்ற வேடிக்கையான பாத்திரம் பாபகேனோ. காதலியை இழந்துட்டோம்னு உயிரை விடப் போறான். மூணு சின்னப் பசங்க வந்து வேற வழி இருக்குன்னு ஞாபகப்படுத்தறாங்க. அவன் மனசு மாறிடறான். நெருக்கடியில மாட்டுன ஒருத்தர் அதைத் தாண்டி வந்த கதையைச் சொன்னா, கேக்கறவங்களுக்கு அது பாதுகாப்பா அமையுதுன்னு 2010ல ஆஸ்திரியாவுல நடந்த ஆய்வு ஒண்ணு சொல்லுச்சு. சினிமா, நாடகம் எடுக்கறவங்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2019ல ஒரு கையேடு வெளியிட்டுச்சு. அதுலயும் இதே கருத்துதான்: தாண்டி வர்றதைக் காட்டுங்க, உதவி கேக்கறதைக் காட்டுங்க.

பாருங்க, அந்தப் பாபகேனோவும் ஒரு காமெடியன்தான்.

அதனாலதான் காமெடி காதல் படத்தை நான் லேசா எடுத்துக்கறது இல்லை. நம்ம வீடுகள்ல காதலைப் பத்தி யார் பேசறாங்க? அப்பா பேச மாட்டார். பள்ளிக்கூடத்துல பேச மாட்டாங்க. ஒரு பொண்ணு முடியாதுன்னு சொன்னா அடுத்து என்ன பண்றதுன்னு பதினெட்டு வயசுப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கற ஒரே வாத்தியார் சினிமாதான். அந்த வாத்தியார் தப்பாச் சொல்லிக் கொடுத்தா பையன் எங்க வார்டுக்கு வர்றான். இல்லைன்னா அந்தப் பொண்ணு வருது.

இயக்குநர்களுக்கு ஒரு ரசிகனா என் வேண்டுகோள்: அட்வைஸ் படம் எடுக்காதீங்க. அட்வைஸ் பண்ண நாங்க இருக்கோம், அதையும் யாரும் கேக்கறதில்லை. சிரிக்க வைங்க. ஆனா உங்க ஹீரோ ஒரு தடவையாவது 'சரிங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பி நடக்கட்டும். அப்படி நடந்து போறவன்தான் கெத்துன்னு ஒரு பின்னணி இசை போடுங்க. மத்ததை நம்ம பசங்க பாத்துக்குவாங்க.

அப்பா அம்மாக்களுக்கு: பிள்ளை காதல் படம் பாத்தா டிவியை அணைக்காதீங்க. கூட உட்காருங்க. அந்தப் பையன் செஞ்சது சரியா கண்ணுன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்லலைன்னாலும் பரவாயில்லை. இந்த வீட்டுல இதைப் பேசலாம்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும்.

அந்தத் தறிப்பட்டறைப் பையனுக்கு வர்றேன்.

மனநல மருத்துவர்கிட்ட அனுப்பி வச்சோம். அவங்க அம்மாவுக்கு ஒரே வெசனம், போலீஸ் கேஸ் ஆகி ஜெயிலுக்குப் போயிடுவானோன்னு. 2017ஆம் வருஷ மனநலப் பாதுகாப்புச் சட்டத்தோட 115ஆவது பிரிவு இப்படி முயற்சி பண்ணினவரைக் கடும் மன அழுத்தத்துல இருந்தவராத்தான் பாக்கச் சொல்லுது, தண்டிக்கச் சொல்லலைன்னு விளக்கினேன். அந்தப் பயத்துலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வராம நேரத்தை வீணாக்கற குடும்பங்கள் உண்டு. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க.

ரெண்டு மாசம் கழிச்சு ரிவ்யூவுக்கு வந்தான். கன்னம் கொஞ்சம் வச்சிருந்தது. மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறானாம். தறிக்குப் போறானாம்.

கிளம்பும்போது வாசல்ல நின்னு சொன்னான். "சார், பஸ் ஸ்டாண்டுல அவளைப் பாத்தேனுங்க."

எனக்குப் பகீர்னு ஆச்சு. "என்ன பண்ணினே?"

"ஒண்ணும் பண்ணலைங்க. வேற பஸ்ஸுல ஏறி வந்துட்டேன். ஈரோட்டுல எறங்கிப் புரோட்டா சாப்பிட்டேனுங்க."

"எத்தனை?"

"நாலுங்க."

அந்த நாலு புரோட்டாவுக்கு எந்தப் படத்துலயும் பின்னணி இசை போட்டதில்லை. போட்டா மொத ஆளா நான் டிக்கெட் எடுப்பேன்.

உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கோ வாழ்க்கை போதும்னு தோணுச்சுன்னா, தமிழ்நாடு அரசோட 104க்கோ, டெலி மானஸ் 14416க்கோ கூப்பிடுங்க. எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. இல்லைன்னா பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் வாங்க. நாங்க முழிச்சுக்கிட்டுத்தான் இருப்போம்.

உங்களுக்குப் பிடிச்ச 'தோத்த ஹீரோ' யாருன்னு கீழ சொல்லுங்க. அடுத்த வார லீவுல நான் பாக்கறதுக்கு ஒரு படம் வேணும்.



ஒரு அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்.
சென்னிமலை